சிங்கத்துக்கு இரை தேடுவது யார்?

புதிய ஏற்பாட்டில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் (கடிதத்தின்) ஒன்பதாம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல் போகிற போக்கில் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுப் போகிறார்: கடவுள் மாடுகளைப் பற்றியா கவலைப்படுகிறார்? பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல அது. ‘இல்லை’ என்பது கேள்விக்குள்ளேயே இருக்கிறது. களத்தில் கதிரைப் போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்று மோசேயின் சட்டநூலான உபாகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் உண்டு. பவுல் அதை எடுத்துக்கொண்டு, இது நமக்காக எழுதப்பட்டது, ஊழியம் செய்கிறவனுக்கு அந்த ஊழியத்திலிருந்தே பிழைக்கும் உரிமை உண்டு என்பதுதான் இதன் பொருள் என்கிறார். (இவ்வளவும் வாதாடிவிட்டு, அந்த உரிமை எனக்கு வேண்டாம் என்று முடிக்கிறார் என்பது வேறு விஷயம்.) கூலி கேட்கிறவன் பக்கம் நிற்கிற வாதம் என்பதால் எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் மாட்டை ஏன் களத்தைவிட்டு விரட்ட வேண்டும்? மாடும் தின்னட்டும், ஊழியனும் தின்னட்டும் என்று சொல்லியிருந்தால் வாதம் ஒன்றும் இளைத்துப் போயிருக்காது. பல ஆண்டுகளாக இந்த வரி எனக்குள் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்தச் சட்டம் உபாகமத்தில் எங்கே வருகிறது என்று பார்த்தால் உறுத்தல் கூடுகிறது. அதற்கு முந்தைய வசனம் கசையடி பற்றியது. குற்றவாளியை நாற்பது அடிக்குமேல் அடிக்கக் கூடாது, அடித்தால் உன் சகோதரன் உன் கண்முன் இழிவுபட்டுப் போவான் என்கிறது. அடுத்த மூச்சில் மாடு வருகிறது. அடி வாங்குகிறவனுக்கும் உழைக்கிற மாட்டுக்கும் இடையே ஒரு விளக்கமும் இல்லை, ஒரு ‘ஆகையால்’கூட இல்லை. இருவரும் மற்றவர் கையில் அகப்பட்டிருப்பவர்கள், அவ்வளவுதான். பவுலின் காலத்திலேயே அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதச் சிந்தனையாளர் ஃபிலோ, வேதத்தின் ஒவ்வொரு வரியிலும் மறைபொருள் தோண்டுவதில் பவுலுக்கே அண்ணன் முறை. அவர்கூட இந்தச் சட்டத்துக்கு வரும்போது அது விலங்கின் மீது காட்டும் பரிவு என்றே பாராட்டுகிறார். ஃபிலோவுக்கே மாடு மாடாகத் தெரிந்த இடத்தில் பவுலுக்குத் தெரியவில்லை.

பவுலை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வேதத்தில் ஒரு விலங்கு தலைகாட்டினால் போதும், இது எதைக் குறிக்கிறது, இது யார் என்று கேட்பது வாசகர்களுக்கு அனிச்சையாகிவிட்டது. சில புத்தகங்கள் அந்தக் கேள்வியை அவையே கேட்கச் சொல்கின்றன என்பதையும் மறுக்க முடியாது.

பேரரசுகள் போட்டுக்கொண்ட தோல்

பழைய ஏற்பாட்டின் தானியேல் புத்தகத்தில், ஏழாம் அதிகாரத்தில் கடலிலிருந்து நான்கு மிருகங்கள் ஏறி வருகின்றன. கழுகின் சிறகு கொண்ட சிங்கம். பல்லுக்கிடையில் மூன்று விலா எலும்புகளைக் கவ்விக்கொண்டிருக்கும் கரடி. நான்கு தலையும் நான்கு சிறகும் கொண்ட சிறுத்தை. நான்காவதற்கு எந்த விலங்கின் பெயரும் இல்லை. இரும்புப் பல்லும் பத்துக் கொம்பும் மட்டுமே உண்டு. அந்தக் கொம்புகளுக்கு நடுவே ஒரு சின்னக் கொம்பு முளைத்து, மனிதக் கண்ணோடும் பெருமை பேசும் வாயோடும் ஆட்டம் போடுகிறது. இவை நான்கு ராஜ்யங்கள் என்று அந்த அதிகாரமே சொல்லிவிடுகிறது. எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய நான்காம் அந்தியோகு என்ற கிரேக்க அரசன்தான் அந்தச் சின்னக் கொம்பு என்றும், இந்தத் தரிசனங்கள் கி.மு. 167க்கும் 164க்கும் இடைப்பட்ட நெருக்கடியில் இன்றைய வடிவத்தைப் பெற்றன என்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

புதிய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதியவர் இந்த நான்கையும் ஒரே உடலில் தைத்துவிட்டார். பதின்மூன்றாம் அதிகாரத்து மிருகத்துக்குச் சிறுத்தையின் உடல், கரடியின் கால், சிங்கத்தின் வாய். தானியேலின் மிருகங்களுடைய தலைகளை எண்ணிக் கூட்டினால் ஏழு வரும், இதற்கும் ஏழு தலை. நான்காவதன் பத்துக் கொம்பும் அப்படியே குடிவந்துவிட்டன. அந்த மிருகத்தின் எண்ணாகச் சொல்லப்படும் 666, எபிரெய எழுத்துகளில் நீரோ பேரரசனின் பெயரைக் கூட்டினால் கிடைப்பது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அந்தப் பெயரின் கடைசி எழுத்தை விட்டுவிட்டால் 616 வரும். எகிப்தின் ஒக்சிரிங்கஸில் கிடைத்த ஒரு பழைய பாப்பிரஸ் பிரதியில் 616 என்றே இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் இரேனியுவுக்கு அது தெரிந்திருந்தது, அவருக்கு அது பிடிக்கவும் இல்லை.

அதன்பின் யாரெல்லாம் மிருகமானார்கள் என்று எழுதப் புகுந்தால் முடிவே கிடையாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். 1522 செப்டம்பரில் வெளிவந்த, சீர்திருத்தவாதி லூத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாட்டில், பாதாளத்திலிருந்து ஏறிவரும் மிருகத்தின் தலையில் போப்பாண்டவரின் மும்முடி இருந்தது. எதிர்ப்புக் கிளம்பியதும் டிசம்பர் பதிப்புக்குள் மரக்கட்டையிலேயே அதைச் செதுக்கி, சாதாரண முடியாக்கிவிட்டார்கள். மிருகத்துக்குக் கிடைத்த பதவி மூன்று மாதத்தில் பறிபோயிற்று.

ஆனால் இங்கே எங்கேயாவது விலங்கு இருக்கிறதா? எந்தக் காட்டிலும் திரியாத ஒட்டுவேலைதான் இருக்கிறது. மனிதர்கள் செய்த கொடுமைக்குக் கரடியும் சிறுத்தையும் தோல் கடன் கொடுத்திருக்கின்றன. பாபிலோனின் இஷ்தார் வாயிலைக் காளைகளாலும் பாம்புத்தலை கொண்ட கலப்பு மிருகங்களாலும், அதற்குப் போகும் ஊர்வலப் பாதையைச் சிங்கங்களாலும் அலங்கரித்தது நேபுகாத்நேச்சாரின் அரசுதான். பேரரசு தன்னை மிருகமாக வரைந்துகொள்வதில் பெருமைப்பட்டது. அடிபட்டவர்கள் அதே படத்தைத் திருப்பிக் காட்டினார்கள். தானியேல் புத்தகத்திலேயே நான்காம் அதிகாரத்தில் நேபுகாத்நேச்சாருக்கு மிருக இருதயம் கொடுக்கப்படுகிறது, அவன் மாட்டைப்போல் புல் மேய்கிறான். ஏழாம் அதிகாரத்தில் சிங்கத்துக்குச் சிறகு பிடுங்கப்பட்டு மனித இருதயம் கொடுக்கப்படுகிறது. அரசனும் மிருகமும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். இது அரசியல் எழுத்து, அதுவும் தைரியமான அரசியல் எழுத்து. விலங்கியலைத் தேடி இங்கே போகக் கூடாது.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது லேவியராகமத்துக்கான ரபீக்களின் (யூத மத ஆசான்களின்) உரைத்தொகுப்பில் இருக்கும் பன்றிதான். லேவியராகமம் 11ஆம் அதிகாரம் தின்னக் கூடாத விலங்குகளில் ஒட்டகத்தையும் குழிமுயலையும் முயலையும் பன்றியையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ரபீக்கள் அவற்றை பாபிலோன், மேதியா, கிரேக்கம், ரோம் என்று வரிசைப்படுத்துகிறார்கள். அந்த அதிகாரத்தின் கணக்கில் மற்ற மூன்றும் அசைபோடும், ஆனால் விரிகுளம்பு இல்லை. பன்றிக்கு மட்டும் விரிகுளம்பு உண்டு, அசைபோடாது. ஆகவே பன்றி படுக்கும்போது குளம்பை முன்னால் நீட்டிக் காட்டி, பாருங்கள், நான் சுத்தம் என்கிறதாம். ரோமும் அப்படித்தான், கொள்ளையடித்துக்கொண்டே நீதிமன்றத்தை விரித்து வைக்கிறது என்கிறது உரை. கி.பி. 70க்குப் பிறகு எருசலேமில் முகாமிட்ட ரோமானியப் பத்தாம் படையணியின் சின்னங்களில் ஒன்று காட்டுப்பன்றி என்பதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தக் குளம்பு இன்னும் நீளமாகத் தெரியும். இதைச் சொன்னவர் ஒரு பன்றி படுப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார் என்பதுதான் எனக்கு முக்கியம். உருவகமாக இருந்தாலும் அதற்குள் ஒரு நிஜப் பன்றி கால் நீட்டிப் படுத்திருக்கிறது.

நிலையாத அர்த்தங்கள்

விலங்குக்கு ஓர் அர்த்தத்தை ஆணியடித்துவிடலாம் என்று நம்புகிறவர்களுக்கு வேதமே இடம் கொடுப்பதில்லை. பேதுருவின் நிருபத்தில் கர்ச்சித்துத் திரிகிற சிங்கம் பிசாசு. வெளிப்படுத்தின விசேஷத்தில் யூதா கோத்திரத்துச் சிங்கம் மீட்பர். அதிலும் சிங்கம் வருகிறது என்று கேள்விப்பட்டு யோவான் திரும்பிப் பார்த்தால் அங்கே நிற்பது அடிக்கப்பட்ட ஆட்டுக்குட்டி. எசேக்கியேல் தீர்க்கதரிசி தரிசனத்தில் கண்ட மனிதன், சிங்கம், காளை, கழுகு என்ற நான்கு முகங்களை நான்கு சுவிசேஷங்களுக்குப் பங்கு வைத்த கதையும் இப்படித்தான். இரேனியு சிங்கத்தை யோவானுக்கும் கழுகை மாற்குவுக்கும் கொடுத்தார். பிற்கால இறையியலாளர்களில் அகுஸ்தீன் சிங்கத்தை மத்தேயுவுக்குக் கொடுத்தார். ஜெரோம் கொடுத்த வரிசையில் சிங்கம் மாற்குவுக்குப் போய்ச் சேர்ந்தது, மாற்குவைக் காவலராகக் கொண்ட வெனிஸ் நகரம் அதைக் கம்பத்தின்மேல் ஏற்றி வைத்துவிட்டதால் பிரச்சினை முடிந்தது. அந்த நான்கு முகங்களும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

மோசே செய்த வெண்கலப் பாம்பின் கதை இதில் தனி. வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் அதை ஏறிட்டுப் பார்த்துப் பிழைத்தார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு, இரண்டாம் ராஜாக்கள் புத்தகத்தின்படி, மக்கள் அதற்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள், எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டான். மோசேயின் கைவேலையாயிற்றே என்று தயங்கவில்லை. யோவான் சுவிசேஷம் மறுபடியும் அதே பாம்பை எடுத்து, உயர்த்தப்பட்ட கிறிஸ்துவுக்கு உவமையாக்குகிறது. உடைந்த பாம்புக்கு இப்படி ஒரு மறுவாழ்வு. எசேக்கியா மாதிரி அவ்வப்போது ஒருவர் வந்து, விலங்குகளின்மேல் படிந்துபோன அர்த்தங்களை உடைத்துப் போட்டால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அப்படி ஒரு வேலை யோபு புத்தகத்தின் கடைசியில் நடக்கிறது. செய்கிறவர் கடவுள்.

எலிப்பாஸின் சிங்கம், கடவுளின் சிங்கம்

யோபு புத்தகத்தில் கடவுள் பேசும் அதிகாரங்களை வெகுகாலம் நான் ஒரு மழுப்பலாகவே எண்ணியிருந்தேன். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு, உடம்பெல்லாம் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்து ஏன் என்று கேட்கிறான். வரையாடு எப்போது குட்டி போடும் தெரியுமா என்று கடவுள் திருப்பிக் கேட்கிறார். இது ஒரு பதிலா? அதிகாரத்தின் பலத்தைக் காட்டி வாயடைப்பது போலத்தான் தோன்றும். புத்தகத்தின் முன்பாதியில் யார் எந்த விலங்கின் பெயரைச் சொல்கிறார்கள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தபோதுதான் எனக்கு இந்தப் புத்தகம் வேறாகத் தெரிந்தது.

நான்காம் அதிகாரத்தில், ஆறுதல் சொல்ல வந்த நண்பர்களில் எலிப்பாஸ் முதலில் வாய் திறக்கிறான். அக்கிரமக்காரர்களின் கதி என்ன என்று விளக்க அவன் எடுப்பது சிங்கம். சிங்கத்தின் கர்ச்சனை அடங்கும், பாலசிங்கங்களின் பல் தகரும், கிழச்சிங்கம் இரையில்லாமல் சாகும், குட்டிகள் சிதறிப்போகும் என்கிறான். இங்கே சிங்கம் என்றால் கெட்டவன், இரையில்லாமல் சாவது என்றால் நியாயத்தீர்ப்பு. குட்டிகள் சிதறுவதைப் பிள்ளைகளை இழந்தவனிடம் உதாரணமாகச் சொல்கிறோமே என்ற கூச்சம்கூட அவனுக்கு இல்லை. இப்போது 38ஆம் அதிகாரத்தின் முடிவுக்கு வாருங்கள். படைப்பின் விலங்குகளை வரிசையாகக் காட்டத் தொடங்கும் கடவுள் முதலில் காட்டுவதும் சிங்கம்தான்: குகையில் பதுங்கியிருக்கும் சிங்கத்துக்கு நீ இரை வேட்டையாடிக் கொடுப்பாயா, பாலசிங்கங்களின் பசியை நீ தீர்ப்பாயா? எலிப்பாஸின் பாடத்தில் பட்டினி கிடந்து செத்த அதே சிங்கத்துக்குக் கடவுள் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். அது யாருக்கும் பாடமாக வாழவில்லை. அதற்குப் பசிக்கிறது, குட்டிகள் குகையில் காத்திருக்கின்றன.

இது ஒரு இடத்தில் மட்டும் நேர்ந்த தற்செயல் அல்ல. இன்னொரு நண்பனான சோப்பார் 11ஆம் அதிகாரத்தில் மூடனை மட்டம்தட்டக் காட்டுக்கழுதைக் குட்டியை இழுக்கிறான். 24ஆம் அதிகாரத்தில் யோபுவே, வனாந்தரத்தில் இரை தேடி அலையும் ஏழைகளுக்குக் காட்டுக்கழுதையை உவமையாக்குகிறான். 39ஆம் அதிகாரத்தில் அந்தக் கழுதை வரும்போது எப்படி வருகிறது? அதன் கட்டை அவிழ்த்து விட்டவர் யார் என்று கடவுள் கேட்கிறார். அது நகரத்தின் சந்தடியைப் பார்த்துச் சிரிக்கிறது, ஓட்டுகிறவனின் கூச்சல் அதன் காதில் ஏறுவதில்லை, பச்சையைத் தேடி மலையெல்லாம் மேய்கிறது. வறுமைக்கு உவமையான விலங்கு இங்கே சுதந்திரமாகத் திரிகிறது. 30ஆம் அதிகாரத்தில் யோபு, நரிகளுக்குச் சகோதரனானேன், நெருப்புக்கோழிகளுக்குத் தோழனானேன் என்று தன் பாழ்நிலையைச் சொல்லி அழுகிறான். கடவுள் காட்டும் நெருப்புக்கோழி முட்டையை மண்ணில் விட்டுவிட்டுப் போகிறது, யார் காலில் மிதிபடும் என்ற கவலை அதற்கு இல்லை. அதற்கு அறிவைக் கொடுக்கவில்லை என்று கடவுளே ஒப்புக்கொள்கிறார். ஆனால் எழும்பி ஓடத் தொடங்கினால் குதிரையையும் குதிரைக்காரனையும் பார்த்து அதுவும் சிரிக்கிறது. இந்த அதிகாரத்தில் எத்தனை விலங்குகள் சிரிக்கின்றன என்று கவனியுங்கள். போர்க்குதிரைகூடப் பயத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. மனிதர்கள் பெரும்பாலும் அழுதும் வாதாடியும் கொண்டிருக்கிற புத்தகம் இது.

கடைசியில் கடல். ஏழாம் அதிகாரத்தில் யோபு கேட்டிருந்தான்: நீர் என்மேல் காவல் வைக்க நான் என்ன கடலா, கடல்மிருகமா? அது ஆத்திரத்தில் வீசிய வார்த்தை. அதற்குப் பதிலாக 41ஆம் அதிகாரம் முழுவதும் கடல்மிருகமே வந்து நிற்கிறது. லிவியாதான் என்ற அந்தக் கடல்மிருகத்துக்குப் பின்னால் நீண்ட பரம்பரை உண்டு. இன்றைய சிரியாவின் கரையில் உள்ள உகரித்தில் கிடைத்த களிமண் பலகைகளில் லோத்தான் என்ற நெளிகிற பாம்பைப் பாகால் என்ற தெய்வம் கொல்கிறது. ஏசாயா 27ஆம் அதிகாரம் கிட்டத்தட்ட அதே அடைமொழிகளோடு கர்த்தர் லிவியாதானைக் கொல்வார் என்கிறது. 74ஆம் சங்கீதத்தில் அதன் தலைகள் ஏற்கெனவே நொறுங்கியாயிற்று. குழப்பத்தின் உருவம், கொல்லப்பட வேண்டிய எதிரி என்பதுதான் அதற்கு அந்த நாட்டில் காலங்காலமாக இருந்த அர்த்தம். யோபுவில் கடவுள் அதைக் கொன்ற கதையைச் சொல்லவில்லை. அதன் செதிலையும் தும்மலையும் கண்ணிமையையும் ஒவ்வொன்றாக வர்ணிக்கிறார். அது போன வழியில் கடல் நரைத்த தலைபோல் மின்னுகிறது என்கிறார். தான் பெற்றதைப் பற்றிப் பேசுகிறவரின் குரல் அது. நீ இதைச் சிட்டுக்குருவிபோல் உன் பெண்பிள்ளைகளுக்குக் கட்டி விளையாடக் கொடுப்பாயா என்று யோபுவைக் கேட்கிறார். 104ஆம் சங்கீதம் அது கடலில் விளையாடவே உண்டாக்கப்பட்டது என்கிறது. யூத மரபின் பெரிய விவாதத் தொகுப்பான தல்மூதில் ஒரு ரபீ இன்னும் ஒரு படி மேலே போய், நாளின் கடைசி மூன்று மணி நேரம் கடவுள் லிவியாதானோடு விளையாடுகிறார் என்று கால அட்டவணையே போட்டுக் கொடுத்துவிட்டார். (வேறோர் இடத்தில் அதே தல்மூத், அதன் பெட்டையைக் கொன்று உப்பிட்டு, நீதிமான்களின் விருந்துக்காக எடுத்து வைத்திருப்பதாகவும் சொல்கிறது. விளையாட்டுத் தோழியைச் சமைப்பது எப்படிச் சரி என்று என்னைக் கேட்காதீர்கள்.)

பிகெமோத் என்ற ராட்சத விலங்கை அறிமுகப்படுத்தும்போது வரும் வரிதான் என்னை நிறுத்தியது. உன்னை உண்டாக்கியதுபோல அதையும் உண்டாக்கினேன், அது மாட்டைப்போல் புல் தின்கிறது. யோபுவுக்கு ஏன் துன்பம் வந்தது என்பதற்கு இதில் பதில் இல்லை, நான் பதிலை இங்கே ஒட்ட வைக்கப் போவதும் இல்லை. ஆனால் யோபுவின் நண்பர்கள் செய்த வேலை என்ன? அவனுடைய புண்ணுக்கு ஓர் அர்த்தம் கொடுத்தார்கள். சிங்கத்துக்கு அர்த்தம் கொடுத்த அதே வாய்தான் புண்ணுக்கும் அர்த்தம் கொடுத்தது. கடவுள் கடைசியில் கோபப்படுவது யோபுமேல் அல்ல, இந்த நண்பர்கள்மேல். யாரையும் குறிக்காத, பெரும்பாலும் யாருக்கும் பயன்படாத விலங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக நடத்திக் காட்டியது, அர்த்தம் சொல்லியே தீர வேண்டும் என்ற அந்த வெறிக்கு எதிரானது என்றே நான் படிக்கிறேன்.

“போ, இதற்காகத்தான் படைக்கப்பட்டாய்”

இதைச் சொல்லும்போது லேவியராகமம் எழுந்து நின்று என்னைப் பார்க்கிறது. அர்த்தத்தை உடம்பில் சுமந்து செத்த விலங்குகளின் புத்தகம் அது. பாவநிவாரண நாளில் கொண்டுவரும் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களும் தோற்றத்திலும் உயரத்திலும் விலையிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்கிறது யூத வாய்மொழிச் சட்டங்களின் தொகுப்பான மிஷ்னா. சீட்டுப் போட்டு ஒன்று பலிபீடத்துக்கு, ஒன்று ஆசாசேலுக்கு. இரண்டாவதன்மேல் மக்களின் பாவங்களைச் சுமத்தி, வனாந்தரத்துக்குக் கூட்டிப்போய் மலையிலிருந்து பின்பக்கமாகத் தள்ளுவார்கள். பாதி மலை இறங்குவதற்குள் அது துண்டு துண்டாகிவிடும் என்று அதே மிஷ்னா ஒளிக்காமல் எழுதி வைத்திருக்கிறது. ஆடு எந்தப் பாவமும் செய்யவில்லை என்பதுதான் சடங்கின் அடிப்படையே. ஆகவே வேதம் விலங்கின் நண்பன் என்று யாராவது மென்மையாகச் சொன்னால் நான் தலையாட்ட மாட்டேன்.

இதையெல்லாம் அறிந்த மரபுக்குள்ளிருந்துதான் ரபீ யூதாவின் கதையும் வருகிறது. ஏறத்தாழ கி.பி. 200இல் மிஷ்னாவைத் தொகுத்த பெரிய மனிதர் அவர். வெட்டக் கொண்டுபோன ஒரு கன்றுக்குட்டி ஓடிவந்து அவருடைய ஆடைக்குள் தலையைப் புதைத்து அழுதது. போ, இதற்காகத்தான் படைக்கப்பட்டாய் என்றார் அவர். இரக்கம் காட்டாதவனுக்குத் துன்பம் வரட்டும் என்று வானத்தில் தீர்ப்பாயிற்று. பதின்மூன்று ஆண்டுகள். ஆறு ஆண்டுகள் சிறுநீர்க் கல், ஏழு ஆண்டுகள் வாய்நோய். அவர் வீட்டுத் தொழுவக்காரன், எஜமான் கழிப்பறைக்குள் போகும் நேரம் பார்த்து விலங்குகளுக்குத் தீனி போடுவானாம், அவற்றின் சத்தத்தில் அலறல் அமுங்கட்டும் என்று. அமுங்கவில்லை. கடலில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்டது. ஒருநாள் வேலைக்காரி வீட்டைப் பெருக்கும்போது மூலையில் கிடந்த மரநாய்க் குட்டிகளையும் சேர்த்துப் பெருக்கப் போனாள். விட்டுவிடு, கர்த்தருடைய இரக்கம் எல்லாப் படைப்பின்மேலும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறதே என்றார் ரபீ. நோய் விலகிற்று.

கன்றை அவர் கொல்லவில்லை. அதற்கு ஓர் அர்த்தம் சொன்னார், அவ்வளவுதான். சட்டப்படி பார்த்தால் சொன்னது தப்பும் அல்ல. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பறவைக்கூட்டில் குஞ்சை எடுப்பவன் தாயைப் போகவிட வேண்டும் என்று உபாகமம் சொல்கிறது அல்லவா? உமது இரக்கம் பறவைக்கூடு வரை எட்டுகிறது என்று ஜெபத்தில் ஒருவன் சொன்னால் அவனை நிறுத்து என்று இதே யூதா தொகுத்த மிஷ்னா விதிக்கிறது. கட்டளைகளுக்கு இரக்கத்தைக் காரணமாகக் காட்டாதே, அவை கட்டளைகள் மட்டுமே என்பது அதற்குத் தல்மூதிலேயே சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. அதாவது பறவை பறவைக்காக இல்லை என்ற பவுலின் கட்சிக்கு ரபீக்களிடையேயும் ஆள் இருந்திருக்கிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராக இருந்த யூதத் தத்துவஞானி மைமோனிடெஸ் இந்த முடிச்சுக்கு வருகிறார். தாய்விலங்கையும் குட்டியையும் ஒரே நாளில் வெட்டாதே என்ற சட்டத்துக்கு அவர் சொல்லும் காரணம் நேரடியானது. குட்டியின் சாவைப் பார்க்கும் தாய்விலங்கின் வேதனைக்கும் மனிதத் தாயின் வேதனைக்கும் வேறுபாடு கிடையாது, ஏனென்றால் பாசம் பகுத்தறிவிலிருந்து வருவதல்ல, அது மற்ற உயிர்களுக்கும் உண்டு. பறவைக்கூட்டு விதியை எடுத்து என்னை மடக்காதே என்று வாசகரை முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்கிறார். கட்டளைக்குக் காரணம் தேடாதே என்பது, காரணம் உண்டு என்பது என்ற இரண்டு கருத்துகளில் அங்கே இருப்பது முதலாவது, நாங்கள் பின்பற்றுவது மற்றது என்கிறார். நானும் அவர் பக்கம்தான். கொரிந்தியரின் ஒன்பதாம் அதிகாரம் வரும்போது அந்த வரியை மட்டும் இனியும் வேகமாகத் தாண்டிப் போய்விடுவதாகவே உத்தேசம்.